வைப்பருக்கடியில் ஒரு பச்சைக் காகிதம்

பழைய கார் வைத்திருப்பவனிடம் போய் "ஒரு துண்டுக் காகிதம்தானே சார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என்னிடம் அப்படிச் சொன்னவர்கள் இரண்டு பேர். இருவரும் இப்போது என்னோடு பேசுவதில்லை.

என்னுடையது 1964ஆம் வருஷத்து பியட் 1100. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தரகரிடம் வாங்கி, பெயின்டை முழுக்கச் சுரண்டி, வெறும் தகரமாக்கி, கல்பாக்கம் வேலை போக மிச்ச நேரமெல்லாம் அதிலேயே கிடந்து மீட்டெடுத்த வண்டி. அதன் வைப்பர் தண்டில் இருக்கும் ஸ்பிரிங் என்னைவிட வயதானது. கார் கண்காட்சிக்குப் போனால் எவனோ ஒருவன் அந்தத் தண்டைப் படக்கென்று தூக்கி அடியில் பிட் நோட்டீஸைச் செருகுவான். ஒருமுறை தண்டு கையோடு வந்துவிட்டது. வேறு ஒன்று கிடைக்க ஏழு மாதம் ஆனது. இன்னொரு முறை பானட்டின் மேல் ஒரு மஞ்சள் நோட்டீஸை விரித்துவிட்டுப் போயிருந்தான் ஒரு புண்ணியவான். வெயிலும் கடல் ஈரமும் சேர்ந்து, மத்தியானத்துக்குள் "ஒரு பிரியாணி வாங்கினால் ஒன்று இலவசம்" என்பது என் கிரீம் நிறப் பெயின்டில் தலைகீழாக அச்சாகிவிட்டது. மூன்று நாள் தேய்த்தேன். பிரியாணி போய்விட்டது. இலவசம் போகவில்லை.

எனக்கு முன்கோபம் என்று யாராவது சொன்னால் என் மனைவி சியாமளா, "பின்னாடியும் இருக்கு" என்பாள். இருக்கட்டும்.

எங்கள் பழைய கார் கூட்டத்தில் இதற்கென்றே ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். நோட்டீஸைக் கண்டால் படிக்கக் கூடாது. கையில் எடு, கசக்கு, குப்பை டிரம்மில் போடு. படித்தால் கொடுத்தவன் ஜெயித்துவிட்டான் என்று அர்த்தம். அம்பாசிடர் வைத்திருக்கும் தீனதயாளன் மட்டும் ஒளிந்து படிக்கிறார் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவிடந்தையில் கடலோர ரிசார்ட் ஒன்றில் கண்காட்சி. எனக்கு அன்று வேறொரு கவலை. அடுத்த மாதம் நடக்கும் பெரிய கண்காட்சியில் என் வண்டியைச் சேர்க்க வேண்டுமானால் அதன் வரலாறு வேண்டும். முதலில் யார் வைத்திருந்தார்கள், யார் ஓட்டினார்கள், அதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். என் கோப்பில் 1998க்கு முன்னால் ஒரு வரிகூடக் கிடையாது. ஒன்பது வருஷமாக விசாரித்தாகிவிட்டது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் புதன்கிழமை.

டீ குடித்துவிட்டுத் திரும்பி வருகிறேன், என் வைப்பருக்கடியில் ஒரு பச்சை நோட்டீஸ். பக்கத்திலேயே பூபாலன் நிற்கிறான். செங்கல்பட்டில் சீட் கவர் தைக்கும் கடை வைத்திருப்பவன். போன கண்காட்சியிலேயே இவனை நான் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தேன்.

"உனக்கு எத்தன தடவைய்யா சொல்றது?" என்றேன்.

"சார், இரு சார், அது இன்னான்னா..."

"ஒண்ணும் சொல்லாத. வைப்பர்ல கை வைக்காதேன்னு சொன்னேனா இல்லயா?"

"அய்ய, சொல்றத்த கேளு சார்..."

கேட்கவில்லை. அவன் கண்ணெதிரேயே காகிதத்தை உருவினேன், கசக்கினேன், டிரம்மில் எறிந்தேன். பூபாலன் என்னையும் டிரம்மையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, "நல்லாருக்குது சார் உன் நாயம்" என்று சொல்லிவிட்டுத் தன் நோட்டீஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டான்.

எனக்குத் திருப்தியாக இருந்தது. ஒரு கால் மணி நேரம்.

தீனதயாளன் வந்தார். "என்ன வாசுதேவன், அந்தப் பையனத் திட்டினீங்களாமே? பாவம், அவன் இன்னிக்கு ஒரு வண்டியக் கூடத் தொடலயே. எல்லாருக்கும் கையிலதான் குடுத்தான். 'வாசுதேவன் சார் சத்தம் போடுவாரு'ன்னு சொல்லிட்டே குடுத்தான்."

வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். நாற்பது வண்டிகள். ஒன்றிலும் நோட்டீஸ் இல்லை. நாற்பது பேருக்குக் கையில் கொடுத்தவன், சத்தம் போடும் ஆளுடைய வண்டியில் மட்டும் எதற்கு வைப்பரைத் தூக்கினான்? வீம்புக்கா? வீம்புக்குச் செய்கிறவன் பக்கத்திலேயே நின்று எனக்காகக் காத்திருப்பானா? என் வேலை குழாய்களில் வெல்டிங்கைச் சோதிப்பது. ஒரு இடத்தில் கணக்கு இடித்தால் எனக்குச் சோறு இறங்காது.

பூபாலனைத் தேடிப் போனேன். வாசல் பக்கம் சவுக்கு நிழலில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பூபாலா, என் வண்டியில மட்டும் ஏன் வெச்ச?"

"இப்ப கேளு. அப்ப நான் சொல்ல சொல்லோ எங்க போன?" உறிஞ்சு குழலைக் கீழே போட்டான். "நான் வெக்கல சார். ஒரு அக்கா வந்துச்சு. உன் வண்டியாண்ட நின்னு நம்பரையே பாத்துகினு இருந்துச்சு. அப்பால, உள்ள எட்டிப் பாத்துச்சு. கண்ணு ரெண்டும் கலங்கிப் போச்சு. 'தம்பி, எழுத பேப்பர் கீதா'ன்னு கேட்டுச்சு. என்னாண்ட இன்னா கீது? என் நோட்டீஸ்தான் கீது. பின்னாடி எழுதி, அதுவே மெதுவா வைப்பர தூக்கி வெச்சிது. பஸ்ஸு கெளம்பிச்சின்னு ஓடிருச்சு. போவ சொல்லோ, 'ஓனர் வந்தா மறக்காம படிக்க சொல்லு'ன்னுச்சு. அதுக்குத்தான் காவலு நின்னேன். நீ இன்னா பண்ண?"

"என்ன எழுதியிருந்துச்சு?"

"அடுத்தவங்க லெட்டர நான் ஏன் சார் படிக்கறேன்?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "வா, தேடலாம்" என்று மட்டும் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் என்னைக் காக்க வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

டிரம் காலி. ரிசார்ட்காரர்கள் அள்ளிக்கொண்டுபோய்ச் சமையலறைக்குப் பின்னால் கொட்டியிருந்தார்கள். வெள்ளைச் சட்டையோடு அந்தக் குவியலில் குந்தினேன். பூபாலனின் நோட்டீஸ்களே கசங்கிய உருண்டையாக முப்பதுக்கு மேல் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மற்ற ஸ்டால்காரர்களுடையதும் சேர்ந்து வந்தன. படூரில் மூன்று படுக்கையறை ஃப்ளாட். முடி நடுதல். நீட் பயிற்சி. தண்ணீர்த் தொட்டி கழுவித் தரப்படும். ஒன்பது வருஷம் நான் படிக்காமல் விட்டதையெல்லாம் ஒரே மூச்சில் படித்தேன். அப்படிப் படித்ததில்தான், பூபாலன் பழைய வண்டிகளின் சீட்டை அதே காலத்துத் தையலில் தைத்துத் தருவான் என்று தெரிந்துகொண்டேன். என் பின்சீட்டு ஒரு வருஷமாகக் கிழிந்து கிடக்கிறது.

"ஏன்யா, இதை நீ முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"அத்தத்தான் சார் நோட்டீஸ்ல போட்டுகீறேன்" என்றான் பூபாலன்.

கடைசியில் அவன்தான் கண்டுபிடித்தான். ஓரத்தில் சாம்பார் ஊறியிருந்தது. எழுத்து தப்பித்திருந்தது.

"ஐயா, இந்த வண்டியை எங்கள் அப்பா பதினேழு வருஷம் ஓட்டினார். செங்கல்பட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் டிரைவர். பெயர் ஏசுபாதம். நம்பரைப் பார்த்து நின்றுவிட்டேன். அப்பாவுக்குச் சர்க்கரையால் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. வண்டியை ஒருமுறை காட்ட முடியுமா? பிரிசில்லா." கீழே போன் நம்பர்.

பதினேழு வருஷம் ஓட்டியவர்! உயிரோடு இருக்கிறார்! குப்பையில் நின்றபடி பூபாலனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "யோவ், சட்டையெல்லாம் சாம்பார் சார்" என்று அவன் விலகினான்.

பிரிசில்லா போனை எடுத்ததும், "நீங்க கூப்பிட மாட்டீங்கன்னே நெனச்சேன் சார்" என்றார். படூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலையாம். அலுவலக ஆட்களோடு பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போனாராம். "எப்ப வர்றீங்க?" என்று கேட்டார். "இப்பவே" என்றேன்.

திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர நாலரை ஆகிவிட்டது. வழியெல்லாம் என் கேள்விகளை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். முதல் நிறம் என்ன? எஞ்சினை எப்போது இறக்கினார்கள்? போட்டோ இருக்கிறதா? ரயில்வே லைனுக்குப் பக்கத்துத் தெருவில், ஏசுபாதம் சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். எஞ்சின் சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டார்.

"வந்துட்சா?" என்றார். பிரிசில்லா அவர் கையைப் பிடித்து அழைத்துவந்தார்.

மட்கார்டைத் தடவினார். கதவுக் கைப்பிடியைத் தடவினார். "அதேதான்மா. நம்ம வண்டிதான்" என்றார். அவரை ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு நான் அந்தப் பக்கம் ஏறிக்கொண்டேன். ஸ்டியரிங் கியரை அவர் கை தேடவே இல்லை. நேராகப் போய் உட்கார்ந்தது.

"ராத்திரி பகலுன்னு கெடையாது சார். பிரசவம்னு ஆளு வந்தா டாக்டரம்மா கெளம்பிருவாங்க. மதுராந்தகம், திருக்கழுக்குன்றம், எங்க இல்ல? அவங்களுக்கு வேர்வ ஆவாது. அதான் நானே ட்ரில்லு எட்த்து, இதோ, இந்த எடத்துல ரெண்டு ஓட்ட போட்டு, சின்னதா ஒரு ஃபேன் மாட்டுனேன். எம்மாங் காத்து தெரியுமா?"

சொல்லிக்கொண்டே டேஷ்போர்டின் தகரத்தில் விரலை ஓட்டினார். ஒருமுறை. இன்னொரு முறை.

அந்த டேஷ்போர்டை நானே வெறும் தகரமாகச் சுரண்டியிருக்கிறேன். அங்குலம் அங்குலமாகப் பார்த்திருக்கிறேன். அதில் ஓட்டை இருந்ததில்லை, ஓட்டையை அடைத்த தடமும் இருந்ததில்லை. அதைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பே. எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் நம்பர் தகட்டின் ரிவிட்டுகள் மட்டும் புதுசாக இருக்கின்றனவே என்று ஒன்பது வருஷமாக உறுத்திக்கொண்டிருந்ததும் இப்போது விளங்கியது. அந்தத் தரகன் ஒரு வண்டியின் நம்பரையும் ஆர்.சி. புத்தகத்தையும் இன்னொரு வண்டியின் மேல் ஏற்றி என் தலையில் கட்டியிருக்கிறான். டாக்டரம்மாவின் வண்டி எந்த இரும்புக் கடையில் உருகியதோ. நான் மீட்டெடுத்தது யாருடைய வண்டியோ.

"ஓட்டய அடச்சிட்டியா சார்?" என்று கேட்டார் ஏசுபாதம். என் பக்கம் திரும்பிய கண்கள் என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தன.

தப்பைத் தப்பென்று சொல்லாமல் நான் விட்டதே இல்லை. கல்யாணப் பத்திரிகையில் தேதி தப்பு என்று மாமனாரிடமே சண்டை போட்டவன். வாயைத் திறந்தேன். புதன்கிழமை, விண்ணப்பம், கோப்பு எல்லாம் நினைவுக்கு வந்தன. பிறகு அந்த விரல்களைப் பார்த்தேன்.

"ஆமாங்க. நான்தான் அடைச்சேன்."

"நல்லா அடச்சிகீற சார்" என்றார். "தடமே தெரியல."

சாவியைத் திருகிக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன். வண்டி நின்ற இடத்திலேயே உறுமியது. ஏசுபாதம் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு யாருக்கோ வழிவிடச் சொல்லி ஹாரன் அடித்தார்.

பிரிசில்லா என் பக்கத்தில் வந்து நின்றார். "தேங்க்ஸ் சார்" என்றார் மெதுவாக. "ஓட்டை இல்லங்கறது எனக்குக் காலையிலயே தெரியும்."

"தெரியுமா?"

"அவரு ஓட்டை போடும்போது டார்ச் புடிச்சதே நான்தான். அதான் இன்னிக்கு உள்ள எட்டிப் பாத்தேன்."

"அப்புறம் எதுக்கும்மா எழுதினீங்க?"

"தெனம் காலையில அந்த வண்டியக் கழுவ நான்தான் தண்ணி தூக்கிக் குடுப்பேன். மழையில பள்ளிக்கூடத்துக்கு நனைஞ்சுகினு போவேன், அப்பா அதே ரோட்டுல அந்த வண்டிய ஓட்டிகினு போவாரு. நிறுத்த முடியாது. டிரைவர் பொண்ண ஏத்தினா வேலை போயிரும். ஒரு நாள்கூட அதுல ஏறுனதில்ல சார். அது எனக்கு மறந்தே போச்சு. அவரு மட்டும் இன்னும் மறக்கல. இப்பல்லாம் நாலு நாளைக்கு ஒருவாட்டி சொல்லி அழுவறாரு."

வண்டிக்குள்ளிருந்து ஏசுபாதம் கூப்பிட்டார். "யம்மா பிரிசில்லா! பின்னாடி ஏறி குந்துமா. டாக்டரம்மா எடத்துல. நான் சொல்றன் இல்ல, ஏறு."

நாற்பத்தெட்டு வயது பிரிசில்லா என்னைப் பார்த்தார். பின்சீட்டு கிழிந்திருக்கிறதே என்று ஒரு நொடி எனக்குக் கூச்சமாக இருந்தது. போய், பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.