நான்காவது அடுப்பு

ஒரு வீட்டில் எத்தனை குடித்தனம் என்பதை இடலீனா மூன்று தரம் எண்ணுவாள். முதலில் தெருவில் நின்று: வாசலில் அழைப்புமணி எத்தனை, தபால்பெட்டி எத்தனை, சுவரோரம் மின்மீட்டர் எத்தனை. அப்புறம் நகராட்சிக் காகிதத்தில்: அனுமதி எத்தனைக்கு. கடைசியில் உள்ளே போய் அடுப்புகளை. மூன்று எண்ணும் ஒத்துப்போனால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஒத்துப்போகாவிட்டால், அந்த வீட்டில் யாரோ ஒருவர் வெகுகாலமாக நிம்மதியாகத் தூங்கவில்லை என்று அர்த்தம்.

அமெரிக்காவின் ஃபால் ரிவர் ஊரில் இந்த அடுப்புக் கணக்குதான் வம்பு. போர்த்துகலின் அசோர் தீவுகளிலிருந்து நூற்பாலை வேலைக்கு வந்தவர்கள் கட்டி வாழ்ந்த ஊர். மூன்றடுக்கு மரவீடுகள், அடுக்குக்கு ஒரு குடும்பம். ஆனால் மாடியில் இருக்கிற அடுப்படி ஊரார் பார்ப்பதற்கு. மீன் பொரிப்பது, சூப் கொதிக்கவிடுவது, பன்றிக்கொழுப்பு உருக்குவது எல்லாம் தரைக்குக் கீழே, நிலவறையில் இருக்கும் இன்னொரு அடுப்பில். இடலீனாவின் அம்மா மாடி அடுப்பை இருபது வருஷமாகப் பற்றவைத்ததே இல்லை; அந்த அடுப்பின் உள்ளறையில் தட்டுகளை அடுக்கி வைத்திருந்தாள்.

வெளியூர் வங்கிக்காரர்களுக்கு இது புரியாது. அடுப்பைக் கண்டால் குடித்தனம் என்பார்கள். அதனால் தன் மதிப்பீட்டு அறிக்கைகளில் எழுதவென்றே ஒரு வாக்கியம் வைத்திருந்தாள் இடலீனா: ‘கீழே இருப்பது இவ்வூர் வழக்கப்படி குடும்பத்தின் இரண்டாவது அடுப்படி, தனிக் குடித்தனம் அல்ல.’ நாற்பது ஐம்பது வீடுகளுக்கு அதை எழுதியிருப்பாள். கை தானாகவே எழுதும்.

பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் காலை ஊரார் மரியாதையாகத் தோனா என்று அழைக்கும் லியோனில்டாவின் வீட்டு வாசலில் போய் நின்றாள். வீட்டுக்காரிக்கு எழுபத்துமூன்று வயது, விதவை, முதல் அடுக்கில் இருப்பவள். கூரை ஒழுகி மூன்றாம் அடுக்கு வீணாகிக்கொண்டிருந்தது. வீட்டின் பேரில் கடன் வாங்கிப் புதுக் கூரை போட வேண்டும். வீடு என்ன பெறும், அதில் எத்தனை குடித்தனம் என்று சொல்ல வங்கி இடலீனாவை அனுப்பியிருந்தது.

அழைப்புமணி மூன்று. பெட்டி மூன்று. மீட்டர் மூன்று. காகிதத்திலும் மூன்று.

"யாரு பொண்ணும்மா நீ?" கதவைத் திறந்ததும் லியோனில்டா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"கொலம்பியா தெருவுல இருந்தாங்களே, தையல்காரி குயித்தேரியா. அவங்க பொண்ணு."

"அட, குயித்தேரியா மகளா நீ? அப்ப நம்ம பிள்ளைதான். எவனோ ஒரு இங்கிலீஷ்காரன டேப்பும் கையுமா அனுப்பிடுவாங்களோன்னு நேத்தெல்லாம் பயந்துட்டே இருந்தேன்."

மேலிருந்து கீழே வந்தார்கள். மூன்றாம் அடுக்கில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போயிருந்தார்கள். படுக்கையறையில் இரண்டு வாளிகள் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தன. சுவர்க்காகிதம் ஈரத்தில் உப்பி, தொட்டால் கையோடு வந்தது. இரண்டாம் அடுக்கு ஒத்தீலியாவுடையது. பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை பார்க்கிறவள். ஆள் மேலே இல்லை. முதல் அடுக்கில் லியோனில்டாவின் அடுப்பின்மேல் சரிகை விரிப்புப் போட்டிருந்தது. இடலீனா பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

"கீழயும் பாக்கணும்" என்றாள்.

"பாரேன். அங்க என்ன இருக்கு, நம்ம கீழடுப்படிதான். உனக்குத் தெரியாததா?"

படியிலேயே சூப் வாசனை வந்தது. பரட்டைக்கீரையும் சூரிசுத் தொத்திறைச்சியும் கொதிக்கிற வாசனை. அடுப்பருகே ஒத்தீலியா ஏப்ரன் கட்டி நின்றிருந்தாள். மேசையில் ஒரு கிழவர், கோட்டைக் கழற்றாமல், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிறவர்போல உட்கார்ந்திருந்தார்.

"இவரு செஃபெரினோ" என்றாள் லியோனில்டா. "எங்க வீட்டுக்காரரோட திரைச்சீலை ஃபேக்டரில ஒண்ணா வேலை பாத்தவரு. சும்மா பாத்துட்டுப் போக வந்தாரு."

"சூப் வச்சா மட்டும்தான் பாக்க வருவாரு" என்றாள் ஒத்தீலியா. "உடம்பு எங்க இருந்தாலும் மூக்கு இங்கதான் குடியிருக்கும்."

செஃபெரினோ பணிவாகத் தலையாட்டினார். சிரிக்கவில்லை.

இடலீனா அளக்கத் தொடங்கினாள். நீளம், அகலம், உயரம். உயரம் ஏழடிக்குச் சற்றுக் குறைவு. சுவரோரம் ஒரு பலகைத் தடுப்பு, அதில் சாத்திய கதவு. எல்லாம் அவள் அம்மா வீட்டைப்போலவே இருந்தது. அந்த வாக்கியம் மனசுக்குள் தயாராக நின்றது.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டு அள. குளிர்ல வந்திருக்க" என்று லியோனில்டா கிண்ணம் எடுத்தாள். கரண்டியைத் தேடினாள். முதல் இழுப்பறையைத் திறந்தாள்: மாத்திரை டப்பாக்கள், ஒரு பல்பு. இரண்டாவதைத் திறந்தவள் உடனே மூடினாள். ஆனாலும் மடித்து வைத்த ஆண்பிள்ளைக் கைக்குட்டைகளை இடலீனா பார்த்துவிட்டாள். மூன்றாவதில் செய்தித்தாள்.

"எங்க வச்சேன்னே தெரியல. வயசாச்சு பாரு."

"கரண்டிக்குக் கால் முளைச்சிருக்கும்" என்றாள் ஒத்தீலியா. அவளும் அலமாரியைத் திறந்து மூடினாள்.

செஃபெரினோ தலையைத் தூக்கவே இல்லை. "தொட்டிக்கு மேல. ஆணில தொங்குது" என்றார்.

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. இரண்டு பெண்கள் தவிப்பதைப் பார்த்து வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். மறுபடி எடுத்து முழங்காலில் வைத்தார்.

அவரவர் அடுப்படியில் கைக்குக் கண் தேவையில்லை. இருட்டிலும் உப்பு கைக்கு வரும். தங்கள் கீழடுப்படி என்று சொன்ன இடத்தில் இரண்டு பெண்களும் விருந்தாளிகள்போல நின்றார்கள். விருந்தாளி மட்டும்தான் வீட்டுக்காரராக இருந்தார்.

லியோனில்டா வெறுங்கிண்ணத்தை மேசையில் வைத்தாள். சூப் கொதித்துக்கொண்டிருந்தது.

கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம். இடலீனாவுக்கு அது தெரியும். ஆனால் அவள் டேப்பை மடித்துப் பையில் போட்டுவிட்டு, "ஐயா, அந்தக் கதவக் கொஞ்சம் திறக்குறீங்களா?" என்று கேட்டாள். லியோனில்டாவைக் கேட்கவில்லை, அவரைக் கேட்டாள்.

அவர் எழுந்து போய்த் திறந்தார். ஒற்றைக் கட்டில், சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகிய கம்பளி. சுவரில் அவர் ஊர்த் திருவிழாவின் பழைய படம். கட்டிலுக்கும் மாடிப்படிக்கும் நடுவில் வெந்நீர்க் கொதிகலன் உறுமிக்கொண்டிருந்தது. கூரையோரம் ஒரு சன்னல். பூனை நுழையும், மனிதன் நுழைய முடியாது.

"தோட்டத்துப் பக்கம் கதவு இருக்கணுமே?"

"இருக்கு. செம்புக் குழாயத் திருடிட்டுப் போனாங்கன்னு வெளிய பூட்டு போட்டோம்" என்றாள் லியோனில்டா. "இப்ப மேல மூணடிப் பனி."

"அப்ப இந்தப் படி ஒண்ணுதான் வழி."

"ஒண்ணு போதாதா? மனுஷன் ஒருத்தர்தானே."

"எத்தன வருஷமா இருக்கீங்க, ஐயா?"

"இது பதினோராவது குளிர்காலம்" என்றார் செஃபெரினோ.

லியோனில்டா இடலீனாவின் கையைப் பிடித்தாள். "எழுதிடாத மகளே. கீழடுப்படின்னு எழுது, அவ்ளோதான். எல்லா வீட்லயும் இருக்கு. உங்கம்மா வீட்லயும் இருந்துச்சு."

"இருந்துச்சு. எங்கம்மா அதுக்குப் பக்கத்துல தூங்கல."

"பேங்க்காரனுக்குத் தெரியவா போகுது?" என்றாள் ஒத்தீலியா. "அவன் வந்து கரண்டி தேடப்போறானா?"

செஃபெரினோ கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "நான் ஒண்ணு கேக்குறேன்மா. என்ன எண்ணாம விட்டா என்ன ஆகும்?"

இடலீனா கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னாள். "தீப்பிடிச்சா, எத்தன குடும்பம்னு கேப்பாங்க. மூணுன்னு பதில் வரும். மூணு குடும்பத்த வெளிய கொண்டு வந்துட்டு, எல்லாரும் வந்தாச்சுன்னு நிப்பாங்க."

"சரி. எண்ணினா?"

"நாலாவது குடித்தனத்துக்கு அனுமதி கிடைக்காது. உயரம் பத்தாது, வழி பத்தாது. அடுப்ப எடுத்து கேஸ் குழாய அடைச்சாத்தான் கடன்னு பேங்க் சொல்லும்."

"அடுப்போட நானும்."

"ஆமா."

அவர் தலையாட்டினார். கணக்குச் சரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிற மாதிரி. "தீ வந்தா ஒரு நாள் வரும், வராமலும் போகும். தெரு நாளைக்கே வந்துடுமேம்மா" என்றார். அவர் எழுந்து, ஆணியிலிருந்து கரண்டியை எடுத்து, அவளுக்குத் தானே சூப் ஊற்றினார். அவள் சாப்பிட்டாள். வேண்டாம் என்று சொல்லக் கூசியது.

காரில் உட்கார்ந்து எழுதினாள். ‘கீழே இருப்பது இவ்வூர் வழக்கப்படி’ என்று கை எழுதிவிட்டது. அழித்தாள். நான்கு என்று எழுதினால் பொய், அனுமதி மூன்றுக்குத்தான். மூன்று என்று மட்டும் எழுதினால் அது இன்னொரு பொய். ‘அனுமதி பெற்ற குடித்தனம் மூன்று. நிலவறையில் அனுமதியில்லாமல் ஒருவர் வசிக்கிறார். வெளியேற ஒரே வழி’ என்று எழுதி முடித்தாள். விரல் விறைத்திருந்தது. அதற்கு முன் எழுதிய நாற்பது ஐம்பது வீடுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எத்தனை வீட்டில் இப்படி ஒரு பலகைத் தடுப்பு இருந்தது? எத்தனை கதவைத் திறக்கச் சொன்னாள்? நம்ம ஊர் வழக்கம்தானே என்று அவளும் சிரித்துக்கொண்டே படியேறி வந்தவள்தான்.

மூன்று வாரம் கழித்து வங்கி மறுபடி அனுப்பியது. அடுப்பு எடுக்கப்பட்டதா என்று படம் பிடித்து வர வேண்டும். அதுவும் அவள் வேலைதான்.

லியோனில்டா கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. வழி மட்டும் விட்டாள். நிலவறையில் எந்த வாசனையும் இல்லை. அடுப்பு நின்ற இடத்தில் சிமென்டு வெளுத்து ஒரு சதுரம் தெரிந்தது. குழாய் முனையில் புது மூடி. பலகைத் தடுப்பைப் பிரித்துச் சுவரில் சாய்த்திருந்தார்கள். கட்டில் இல்லை. இடலீனா நான்கு படம் எடுத்தாள்.

படியில் ஒத்தீலியா எதிரே வந்தாள். "நல்லா இருக்கா படம்? உன் பேங்க் சாமிக்கு மாட்டி வை" என்று சொல்லிக்கொண்டே கீழே போனாள்.

வாசலுக்கு வந்து நின்றாள் இடலீனா. "செஃபெரினோ ஐயா எங்க இருக்காரு?"

"இடம் கிடைச்சிருச்சு."

"எந்தத் தெரு?"

"உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாரு." லியோனில்டா கோபமாகச் சொல்லவில்லை, அலுப்பாகச் சொன்னாள். "தெரிஞ்சா நீ எண்ணணுமாம். பாவம், அந்தப் பிள்ளைய ஏன் மறுபடி சங்கடப்படுத்தணும்னாரு."

அவர் இப்போது எந்த வீட்டின் கீழே படுத்திருப்பார் என்பது இடலீனாவுக்குத் தெரியாது; கீழேதான் என்பது மட்டும் தெரியும்.

"அங்க வெளிய வர ரெண்டு வழி இருக்கா, தோனா லியோனில்டா? அத மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் கேக்கல."

கிழவி அவள் முகத்தைப் பார்த்தாள். சொல்ல வாயெடுத்தவள்போல இருந்தது. அப்புறம் பார்வையைத் தெருவுக்குத் திருப்பிக்கொண்டாள்.

"படியில ஐஸ் இருக்கு. பாத்து இறங்கு" என்றாள். "தினம் வெட்டிப்போடுறவரு இப்ப இங்க இல்ல."