பார்த்தேன் என்றேன்

எங்கள் தோட்டத்தில் யாராவது வாந்தி எடுத்து விழுந்தால் எல்லாரும் முதலில் ஓடுவது களை மருந்து வைக்கும் ஸ்டோருக்குத்தான், போத்தல் திறந்திருக்கிறதா என்று பார்க்க. தடை செய்து சில வருடங்கள் ஆகியும் பழைய களை மருந்துப் போத்தல் ஒன்று அங்கே மூலையில் கிடந்தது. அந்த மருந்தைக் குடித்துச் செத்தவர்களை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் என் வீட்டுக்காரர் புனிதன் பின்வாசலில் விழுந்து கிடந்த அன்று நான் ஸ்டோருக்கு ஓடவில்லை. போய்ப் பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை, குடித்துவிட்டார் என்று அவ்வளவு நிச்சயம் எனக்கு.

காரணம் என் வாய். தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள், மாதக் கடைசிக்குள் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் வந்திருந்தது. ரவாங் டவுனுக்குப் போய்விடலாம் என்று நான். இருபத்தாறு வருடம் மருந்தடித்த இடத்தை விட்டு வரமாட்டேன் என்று அவர். அவருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் வேறு. அன்று காலை, "அப்ப இங்கயே கெடந்து சாவுங்க!" என்று கத்திவிட்டுத் துணி துவைக்கப் போனேன். திரும்பி வந்தால் வாந்தியும் தானுமாகக் கிடக்கிறார். பேச்சு இல்லை.

ஆஸ்பத்திரிக்குக் காரை ஓட்டியது என் நாத்தனார் நித்தியா. வழியெல்லாம் எனக்குப் பாடம்.

"அண்ணி, அங்க போயி தெரியல, இருக்கலாம்னு இழுக்காதீங்கலா. காய்ச்சல்னா நம்பர் குடுத்து உக்கார வெச்சிருவாங்க. மருந்து குடிச்சிட்டாருன்னு சொல்லுங்க. அப்பதான் ஓடுவாங்க."

டாக்டர் யுவனேஸ்வரனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. களை மருந்து குடித்துவிட்டார் என்று நான் சொன்னதும் அவர் கேட்ட கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை.

"நீங்க பாத்தீங்களாக்கா? இல்ல, அப்படி இருக்கும்னு நெனக்கிறீங்களா?"

"பாத்தேன் டாக்டர். ரெண்டு கண்ணால பாத்தேன்."

ஓடினார்கள். நித்தியா சொன்னது சரிதான் என்று அந்த நிமிஷம் நினைத்துக்கொண்டேன், பாவி.

ஒரு மணி நேரம் கழித்து என்னை உள்ளே விட்டார்கள். வாயெல்லாம், விஷத்தை உறிஞ்சக் கரியைக் கரைத்து ஊற்றிய கறுப்பு. மூச்சு இரைத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் தோள் தூக்கிப் போட்டது. தலைமாட்டுச் சுவரில் ஆக்சிஜன் குழாய் சும்மா தொங்கியது.

"காத்து வெக்கலியா டாக்டர்?"

"இந்த மருந்து குடிச்சவங்களுக்கு ஆக்சிஜன் குடுத்தா நுரையீரல் சீக்கிரமா கெட்டுடும்க்கா. ரத்தத்துல ஆக்சிஜன் அளவு இன்னும் ரொம்ப எறங்கினாத்தான் குடுப்போம். ஒன்னுக்கு வந்தா அதுல மருந்து இருக்கான்னு டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம். அதுவும் வரல." தயங்கினார். "சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க."

அவருக்கு மூச்சுக் கிடைக்காமல் தடுத்துக்கொண்டிருப்பது நான் சொன்ன ஒரு வார்த்தை. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் குழாயை மாட்டுவார்கள். ஆனால் அவர் நிஜமாகவே குடித்திருந்தால்? அப்போது அந்தக் காற்றாலேயே கொன்றவள் ஆவேன். இப்படியும் கொலை, அப்படியும் கொலை.

"டாக்டர், நான் பாக்கல," என்றேன்.

"என்னது?"

"பாக்கவே இல்ல. சண்டை போட்டோம். விழுந்து கெடந்தாரு. குடிச்சிருப்பாருன்னு நானா நெனச்சேன். அடிங்க டாக்டர், என்ன வேணா பண்ணுங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்ட நேரமில்லை.

"சரி. இனிமே நெனச்சத சொல்லாதீங்க. பாத்தத மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். காய்ச்சல். கண் சிவப்பு. கெண்டைக்கால் வலிக்கிறது என்று அழுதது. போன வாரம் லயத்துக்குப் பின்னால் அடைத்த சாக்கடையைச் செருப்பில்லாமல் இறங்கித் தோண்டியது, காலில் புண், செத்த எலிகள். அதற்குள் நித்தியா தோட்டத்துக் கங்காணி, மண்டோர் வீரனுக்கு போன் போட்டு ஸ்டோருக்கு அனுப்பியிருந்தாள். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

"போத்தல் இங்கதான்மா இருக்கு. மூடி சீல்கூட ஒடைக்கல."

டாக்டர் குழாயை எடுத்து மாட்டச் சொன்னார். என் பக்கம் திரும்பினார்.

"எலிக்காய்ச்சலா இருக்கலாம். எனக்கும் உறுதியா தெரியாது. ரத்த ரிசல்ட் வர நாளாகும். அதுவரைக்கும் அதுதான்னு வெச்சுக்கிட்டு ஊசி போடுறோம். தப்புன்னு தெரிஞ்சா மாத்திக்குவோம்."

'இருக்கலாம்' என்று சொல்லிக்கொண்டே அந்த மனிதர் ஓடினார். அப்படியும் ஓடலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நடைபாதையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

ரிசல்ட் வந்தது. எலிக்காய்ச்சல்தான். ஆறாம் நாள் புனிதன் தெளிவாகப் பேசினார்.

"நான் மருந்து குடிச்சேன்னு சொன்னியாமே?"

"தப்பா நெனச்சிட்டேங்க. மன்னிச்சிருங்க. ஒங்களப் போயி அப்படி..."

அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குக் குடிக்கல கங்கா. ஆனா நெனப்பு இருந்துச்சு. நோட்டீஸ் வந்ததுலேருந்து தெனமும் இருந்துச்சு."

அவர் கையைப் பிடித்தேன். விடப் பயமாக இருந்தது. அந்த வழியாக வந்த டாக்டரைக் கூப்பிட்டேன்.

"என்னக்கா, என்ன ஆச்சு?" என்று என்னைக் கேட்டார்.

"நான் சொல்ல மாட்டேன் டாக்டர்," என்றேன். "அவருகிட்டயே கேளுங்க."