வெள்ளைக் கவர்

"அது உனக்கு வச்சதுக்கா! அதைப் போய் மேனேஜர்கிட்ட ஒப்படைச்சிட்டு வந்து நிக்கிறியே!"

"ஒட்டின கவர்ல யாருடி டிப்ஸ் வைப்பாங்க? தலையணை மேல கசங்கின ரூபாய்த் தாள் கிடந்தா நமக்கு. மேசை மேல இருந்தா தங்குறவங்களுது. இதானே இங்க சட்டம்?"

வரவேற்பில் இருந்த பெண் தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த மூலை ரூம் வெளிநாட்டுக்காரர் ஊர்ல வெறும் காசை நீட்டினா அவமானம்க்கா. கிளம்புற அன்னைக்கு, புதுத் தாளா, வெள்ளைக் கவர்ல வச்சிட்டுப் போவாங்க. முன்ன இருந்த ஓட்டல்ல பார்த்திருக்கேன்."

அறை சுத்தம் செய்பவள் கையிலிருந்த துணியை மறுபடி பிழிந்தாள். அதில் ஈரமே இல்லை.

மூலை அறைக்காரர் இரண்டு மாதம் தங்கியிருந்தார். ஒருநாள்கூடத் தலையணை மேல் எதுவும் இருந்ததில்லை. "கஞ்சன் ரூமு உனக்கு. கொடுத்து வச்சவ!" என்று கூட வேலை செய்பவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் துண்டை மடித்து வைப்பார். அவள் வாளியோடு நுழைந்தால் எழுந்து நின்று தலை தாழ்த்துவார். அந்தக் கட்டடத்தில் அவள் முகத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். நேற்று கிளம்பும்போது கதவருகே நின்று ஏதோ சொன்னார். பாஷை புரியாமல் அவளும் தலையாட்டினாள். அப்புறம்தான் மேசையில் கவரைப் பார்த்தாள். மறந்துவிட்டாரோ என்று படியிறங்கி ஓடினாள். கார் போயிருந்தது.

அவள் மகள் ஊரில் அவளுடைய அக்கா வீட்டில் வளர்கிறாள். இந்த லீவுக்காவது பார்க்க வருகிறேன் என்று மகளிடம் இவள் சொல்லியிருந்தாள். பயணச் செலவுக்குத்தான் வழியில்லை. இப்போதெல்லாம் போன் செய்தால் "விளையாடப் போயிருக்கா" என்கிறாள் அக்கா. பின்னால் பிள்ளையின் குரல் கேட்கும்.

மேனேஜர் அறைக் கண்ணாடி அலமாரியில், ஒற்றைக் காலுறைக்கும் யாரோ விட்டுப்போன குடைக்கும் நடுவில் கவர் இருந்தது. அது தனக்கு வைத்தது என்று அவள் மேனேஜரிடம் போய்ச் சொன்னாள்.

"மேல உன் பேர் எழுதியிருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப விட்டுப்போன பொருள். யாரும் கேட்டு வரலைன்னா ஓட்டலுக்கு."

"வேலைக்குச் சேர்றப்ப, சம்பளம் கம்மிதான், தங்குறவங்க குடுக்கிறதுல சரிக்கட்டிக்கலாம்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"சொன்னேன். குடுத்தா வாங்கிக்க. வந்ததை நீயே கொண்டாந்து குடுத்தா நான் என்ன பண்ண?"

போன் அடித்தது. எடுத்ததும் அவர் குரலில் தேன் ஒழுகியது. யாருக்கோ ஜன்னலோர அறை வேண்டுமாம்; அதற்கென்ன, உடனே ஏற்பாடு செய்துவிடலாம். பேசி முடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தவர், அவள் இன்னும் அங்கேயே நிற்பதைப் பார்த்தார்.

"சார், அதே போன்ல அவரையும் கூப்பிட்டு, யாருக்கு வச்சீங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்களேன்."