பொம்மைக்கு இரண்டு ஜோடி கையுறை

என் வீட்டுக்காரர் இறந்துபோன ஆஸ்பத்திரியிலேயே அடுத்த வாரம் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். அவருக்கு இருந்த எச்.ஐ.வி. எனக்கும் இருக்கிறது. நர்சுகளுக்கு நடக்கும் பயிற்சியில் வந்து பேசும்படி டாக்டர் கேட்டபோது சரி என்றேன். பேச ஆசைப்பட்டு அல்ல. என்னைத் தொடப்போகிற கைகளை முன்கூட்டியே பார்த்துவிட நினைத்தேன்.

அவர் படுத்திருந்த நாட்களில் சாப்பாட்டுத் தட்டைக் காலால்தான் தள்ளுவார்கள். தட்டு கட்டில் காலில் ணங்கென்று முட்டி நிற்கும். "மணி அடிச்சாச்சு, எடுத்துக் குடு" என்பார். சிரிக்கப் பார்ப்பார், இருமல் வந்துவிடும். படுக்கை நனைந்தால் நான் போகும்வரை அந்த ஈரத்திலேயே கிடப்பார். அந்த வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

பயிற்சி அறையில் ஃபினாயில் நெடி. முன்னால் ஒரு கட்டில், அதில் ஆள் உயர ரப்பர் பொம்மை. அதன் கழுத்தில் 'எச்.ஐ.வி.' என்று எழுதிய அட்டை தொங்கியது.

"தொட்டா ஒட்டாது. நாடி பார்க்க, கை பிடிக்க கிளவுஸ் தேவையே இல்லை" என்றார் டாக்டர். எல்லோரும் மும்முரமாக எழுதிக்கொண்டார்கள். பிறகு பெரிய சிஸ்டரைக் கூப்பிட்டுப் பொம்மைக்கு நாடி பார்த்துக் காட்டச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் கிடந்த வார்டைப் பார்த்துக்கொண்டதும் அந்த அம்மாள்தான். எழுந்து வந்தாள். ஒரு ஜோடி கையுறை போட்டாள். அதன்மேல் இன்னொரு ஜோடி.

யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

"சிஸ்டர், பொம்மைக்குமா?" என்றேன்.

அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள். "பழக்கம்மா. கை தானா போயிடுது."

"அது பாவம், என்ன பண்ணுச்சு? அட்டை மாட்டினது நீங்கதானே."

அறையே சிரித்தது. டாக்டரும் சிரித்தார். நான் பொம்மையைச் சுவரோரம் தள்ளிவிட்டு அந்தக் கட்டிலில் படுத்தேன்.

"எனக்குப் பாருங்க. வெறுங்கையால."

மறுக்க வழியில்லை. இரண்டு உறைகளையும் கழற்றினாள். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல என் மணிக்கட்டைத் தூக்கினாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எழுபத்திரண்டு."

கைதட்டினார்கள். அவள் விரல் என் எலும்பின்மேல் இருந்தது. நாடி ஓடும் பக்கமே வரவில்லை. என் நெஞ்சோ காதுக்குள் இடித்துக்கொண்டிருந்தது.

"அது புத்தகத்துல இருக்கிற நம்பர்" என்றேன். "என் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் பார்த்தீங்களா?"

கைதட்டல் அரைகுறையாக நின்றது.

அவள் விரல்களைப் பிடித்து, என் கட்டைவிரலுக்குக் கீழே வைத்து அழுத்தினேன். "இங்க." உறைக்குள் வியர்த்துப்போன விரல்கள், ஊறிய ரொட்டி மாதிரி கொழகொழவென்று இருந்தன. எனக்கும் அருவருப்புதான். விடவில்லை. இழுத்துப் பார்த்தாள். பிறகு அவள் உதடுகள் மெல்ல அசைந்து எண்ணத் தொடங்கின.

"நூத்திப் பத்து" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

விட்டேன். நேராக மூலையிலிருந்த குழாயடிக்குப் போனாள்.

டாக்டர் குனிந்து சொன்னார்: "மனசுல வச்சுக்காதீங்கம்மா. அடுத்த வாரம் உங்களுக்கு வேற சிஸ்டரைப் போடச் சொல்றேன்."

"வேணாம் டாக்டர். இவங்களே வரட்டும். மத்தவங்க யாரும் இன்னும் என்னைத் தொடவே இல்லையே."

மூலையில் அவள் முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கழுவினாள், மறுபடியும் சோப்பை எடுத்தாள். நான் கட்டிலைவிட்டு இறங்கிச் செருப்பை மாட்டி வாசலுக்கு வரும்வரை குழாய் நிற்கவில்லை.