படிக்கட்டுக்குக் கீழே ஒரு சம்மதம்

1

மறைப்பதற்கு ஒன்றுமில்லை, இந்தக் கதை பிறந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பயணப்பைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் ஒரு விலை சொன்னார், நான் ஒரு விலை சொன்னேன், அவர் சிரித்தார், நான் வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். எல்லாம் முறைப்படி நடந்தது. கடைசியில் அவர் பையைத் துணியால் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "உங்க இஷ்டம்" என்றார். பேசாமல் அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டேன். கடைத்தெருவில் வளர்ந்தவனுக்கு அந்த இரண்டு சொல்லும் தெரியும். இதற்கு மேல் வாயைத் திறந்தால் பையும் கிடையாது, மரியாதையும் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும், வேடிக்கைக்காக, கைபேசியில் குடியிருக்கும் செயற்கை அறிவிடம் கேட்டேன்: ஒருவர் 'உங்க இஷ்டம்' என்றால் என்ன பொருள்?

'முடிவை உங்களிடம் விட்டுவிட்டார். அவருக்குச் சம்மதம்' என்றது.

பாவம், அதற்குக் கல்யாணம் ஆகவில்லை.

2

முதலில் எழுதியது: "வரப்போகும் சமத்துவ உலகில், மனிதனும் இயந்திரமும் கைகோத்து—"

[நிறுத்தினேன். இப்படித் தொடங்கும் எதையும் நானே இரண்டாம் வரிக்கு மேல் படித்ததில்லை.]

அடுத்தது: "அந்தக் கட்டடத்தில் எல்லோரும் சமம்—"

[பொய். தரைத்தளத்தில் கடை வைத்திருப்பவரும் மேல்மாடியில் வைத்திருப்பவரும் எந்த ஊரில் சமம்?]

மூன்றாவதுதான் நின்றது. இரண்டு மாடிக் கட்டடம், ஒரு டஜன் சின்னக் கடைகள். பொது விஷயம் எதுவானாலும் கூடிப் பேசித்தான் முடிவு. கூடினால் குரல் பெரியவர் ஜெயித்துக்கொண்டிருந்தார். அதனால் ஒரு செயற்கை அறிவை அமர்த்திக்கொண்டார்கள். கூட்டத்துக்கு முன் அது ஒவ்வொருவரையும் தனியாகப் போனில் கூப்பிடும். அலுக்காமல் கேட்கும். கூட்டத்தில் ஒரு விதியை அது காவல் காக்கும்: எதிர்த்துப் பேச வேண்டுமானால், முதலில் எதிராளியின் கட்சியை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். அவர் "ஆமா, அதேதான்" என்ற பிறகே உங்கள் முறை. பாதிச் சண்டைகள் இந்த விதியிலேயே கூச்சப்பட்டுக் கலைந்துபோயின.

இரண்டு பக்கமும் இனிக்க இனிக்கப் பேசும், யாரும் முகத்துக்கு நேரே திட்டவும் முடியாது என்பதால் அதற்குச் 'சம்பந்தி' என்று பெயர் விழுந்தது.

3

கதை பொத்தான் கடைக்காரருடையது. கட்டடச் சங்கத்தின் செயலாளர் அவர்தான். இரண்டாம் மாடியில் கடை. வாடிக்கையாளர்கள் கீழே நின்று படிகளை அண்ணாந்து பார்ப்பார்கள், ஒரு பெருமூச்சு விடுவார்கள், அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பெருமூச்சு மாடிவரை கேட்கும் என்பது அவர் கட்சி. பக்கத்துக் கடைத் தையல்காரருக்கு முட்டி போய்விட்டது. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறுவார். ஆகவே லிஃப்ட் வேண்டும். லிஃப்டுக்கு இருக்கும் ஒரே இடம் படிக்கட்டுக்குக் கீழே. அங்கே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள் ஜிப் அக்கா. பை, சட்டை, கூடாரம், எதில் ஜிப் மக்கர் செய்தாலும் அவளிடம்தான்.

[இவள்மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. முதல் வரைவில் கண்ணில் நீர் தயாராக வைத்திருக்கும் பெண்ணாக எழுதினேன். இரண்டு வரிக்குள் அவளே அலுத்துப்போனாள். மறுபடி எழுதினேன். பிதுங்கும் பையோடு வந்தவரிடம் இப்போது இப்படிப் பேசுகிறாள்: "ஊரையே உள்ள வச்சு அமுக்கிட்டு ஜிப்பைக் குத்தம் சொல்லாதீங்க சார்." இவளை நம்ப முடிகிறது.]

கூட்டத்துக்கு முன்தினம் சம்பந்தி, செயலாளர் என்ற முறையில் பொத்தான்காரரைக் கூப்பிட்டது.

"எல்லாரும் சம்மதம் சார். ஜிப் அக்காகூட 'உங்க இஷ்டம்'னு பெருந்தன்மையா சொல்லிட்டாங்க."

பொத்தான்காரர் கையிலிருந்த பொத்தான் அட்டையைக் கீழே வைத்தார். அந்தச் சொல்லை அவர் எத்தனை வாடிக்கையாளர் முகத்தில் எறிந்திருப்பார். இருந்தாலும், "நல்லது" என்று போனை வைத்தார்.*

* 'நல்லது' என்பதற்கும் சம்பந்தியிடம் ஒரே பொருள்தான் இருந்தது.

4

அவர் மனைவி அட்டையில் பொத்தான் கோத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"லிஃப்ட் வருது. எல்லாரும் சம்மதம்."

"அக்கா?"

"உங்க இஷ்டம்னாங்களாம்."

ஊசி நின்றது. "உங்க தம்பி நம்ம வீட்டுலயே வந்து தங்கட்டுமான்னு கேட்டீங்களே, நான் என்ன சொன்னேன்?"

"உங்க இஷ்டம்னே."

"அப்புறம்?"

"ஒரு மாசம் பேசல."

"சம்பந்திக்குத்தான் தெரியல. உங்களுக்குமா தெரியாது?"

"லிஃப்ட் வந்தாத்தாண்டி நமக்கு வியாபாரம். அந்த மனுஷன் முட்டியையும் பாரு."

"லிஃப்ட் வேணாம்னா சொன்னேன்? சரி, விடுங்க. உங்க—"

"சொல்லாதே," என்றார் பொத்தான்காரர். "நாளைக்குப் பேசறேன்."

5

தரைத்தளத்துக் கூடம். கைபேசியை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். சம்பந்திக்கும் ஓர் ஆசனம்.

"அது சம்மதம் இல்ல, சம்பந்தி," என்றார் பொத்தான்காரர். தன் கடை வாசலில் வந்து நின்றிருக்க வேண்டிய கூட்டம் ஒரு கணம் கண்முன் வந்து போனது.

"அப்ப என்ன சார்?"

"கோவம்," என்றார் செருப்புக் கடைக்காரர்.

"கோவம் இல்லங்க," என்றாள் கண்ணாடிக் கடைக்காரி. "நான் சொன்னா மட்டும் கேக்கவா போறீங்கன்னு அர்த்தம்."

"எங்க வீட்டுல அதுக்கு 'செஞ்சுதான் பாரேன்'னு அர்த்தம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கூடம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. மடியில் யாருடைய பையோ இருந்தது. குறட்டால் ஜிப்பின் ரன்னரை நெரித்துக்கொண்டிருந்தாள்.

"சம்மதம் இல்லன்னா, இல்லன்னே சொல்லியிருக்கலாமே அக்கா?" என்று கேட்டது சம்பந்தி. குற்றம் சொல்லும் குரல் இல்லை. தெரியாமல் கேட்கும் குரல்.

"எல்லாருக்கும் கடை இருக்கு. எனக்கு ஒரு ஸ்டூல். இல்லைன்னு சொல்ற அளவுக்கு எனக்கு இங்க இடம் இருக்கான்னு தெரியல. அதான்."

 

"நான் கேள்வியையே தப்பா கேட்டுட்டேன்," என்றது சம்பந்தி. "லிஃப்ட் வைக்கலாமான்னு கேட்டேன். நீங்க எங்க உட்காருவீங்கன்னு கேக்கல."

தையல்காரர் எழுந்தார். விதிப்படி அக்காவின் கட்சியை அவர் சொல்ல வேண்டும். "வருமானம் போயிடும்னு பயப்படறே."

"இல்லண்ணே. ஜிப் எங்கயும் பிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும்."

"உட்கார இடம் போயிடும். என் கடையில ஒரு மூலை தர்றேன், வந்து உட்காரும்மா."

"உங்க கடையில உட்கார்ந்தா நான் உங்க ஆளு. படிக்குக் கீழ உட்கார்ந்தா நான் யாரோட ஆளும் இல்ல."

தையல்காரர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப உனக்கு வேண்டியது வெறும் இடம் இல்ல. யாரும் 'என்னோடது'ன்னு சொல்லாத இடம்."

"ஆமா. அதேதான்."

இப்போது அவள் முறை. குறட்டைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு முட்டி வலி பெருசு இல்லண்ணே. நீங்க ஏறும்போது பின்னாடி வர்றவங்க 'பரவால்ல, மெதுவா போங்க'ன்னு நிக்கிறாங்க பாருங்க. அது."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

"ஆமாம்மா," என்றார். "அதேதான்."

[இந்த இடத்தில் நான் கதையை முடித்திருக்க வேண்டும். ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டார்கள், சுபம். ஆனால் புரிந்துகொண்டதால் முட்டியும் குணமாகவில்லை, ஸ்டூலும் நகரவில்லை.]

6

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

லிஃப்டுக்குள்ளேயே அவளுக்கு ஒரு ஸ்டூல். பொத்தானை அமுக்குவாள், போகிற வழியில் ஜிப்பும் தைப்பாள். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டில் படித்துக் காட்டினேன். "நீங்க உட்காருவீங்களா அதுல?" என்று கேட்டார்கள். கிழித்துவிட்டேன்.

சம்பந்தி கட்டடத்தின் வரைபடத்தை ஆராய்ந்து, யார் கண்ணிலும் படாத ஒரு மூலையைக் கண்டுபிடித்து— [வேண்டாம். அது கண்டுபிடித்துக் கொடுத்தால் மற்றவர்கள் எல்லோரும் கை தட்டுகிறவர்கள் ஆகிவிடுவார்கள்.]

லிஃப்ட் வேண்டாமென்று எல்லோரும் பெருமனதோடு விட்டுக்கொடுத்தார்கள். தையல்காரர் மறுநாள் காலையில் படியில் கால் வைத்து— [அந்த வாக்கியத்தை முடிக்கவே முடியவில்லை.]

நடந்தது இவ்வளவுதான். சம்பந்தி, "எனக்கு இந்தக் கட்டடத்தைப் பேச்சுலதான் தெரியும். கண்ணால பார்த்தது நீங்கதான்," என்றது. அக்கா எழுந்தாள். "சரி, வாங்க. நடந்து பார்ப்போம். எனக்குப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னே சொல்வேன். அப்புறம் யாரும் முகத்தைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

முழுக் கூட்டமும் பின்னால் கிளம்பியது. கைபேசியைப் பொத்தான்காரர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாசல் தூணோரம் பார்த்தார்கள். மழைச்சாரல் அடிக்கும், வேண்டாம். பின்கதவுப் பக்கம் பார்த்தார்கள். "இங்க யார் வருவா, பூனையா?" என்றாள். பொத்தான்காரர் தன் காட்சிப் பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டால் மேலே நடைவழி கொஞ்சம் அகலமாகும், ஒரு ஸ்டூல் போடலாம் என்று, யாரும் கேட்காமலே, மெல்லச் சொன்னார். சொன்ன பிறகு அவருக்கே பகீரென்றது. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அதைப் பார்க்கத்தான் இப்போது மாடிக்குப் போகிறார்கள். முதல் திருப்பத்தில் தையல்காரர் கைப்பிடியைப் பிடித்து நின்றுவிட்டார். அக்கா அவருக்கு ஒரு படி மேலே நிற்கிறாள். "பரவால்ல" என்று சொல்லவில்லை. தன் பங்குக்குச் சுவரில் சாய்ந்து, தானும் மூச்சு வாங்குகிறாள்.

நான் இதற்கு மேல் ஏறப்போவதில்லை. மேலே உள்ள நடைவழி அவளுக்குப் பிடிக்குமா, லிஃப்ட் வருமா என்பதை நான் எழுதினால் அது என் முடிவாகிவிடும். உங்களுக்கு ஓர் இடம் தோன்றினால் சொல்லுங்கள். என்னிடம் வேண்டாம், அவளிடம். அவள் வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்டு, பதில் முடியும்வரை நில்லுங்கள்.