துடைத்து விற்ற கார்

பளபளா சார் என்றால் எங்கள் தெருவில் தெரியாதவர் கிடையாது. சோப்புக் கம்பெனியில் விற்பனை மேலாளர். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் காரைத் தேய்ப்பார். கட்டின பெண்டாட்டியின் முகத்தைக்கூட அவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்க மாட்டார் என்பது எதிர்மாடி அக்காவின் கணிப்பு. அந்தக் கார் வேறொருவர் ஓட்டிக் கழித்ததுதான். அதைச் சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அதை விற்றுவிட்டுப் புதுசு வாங்கப் பேசிக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள், அவர் வண்டியைப் பின்னால் எடுத்தபோது, முன்சக்கரம் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் சிமெண்ட் தரையில் சிவப்பாக ஒரு திட்டு. தொட்டுப் பார்த்தார். பிசுபிசுத்தது.

"என்ன சார், காருக்கு ரத்தக் காயமா?" மாடியிலிருந்து அக்கா குரல் கொடுத்தார்.

"ஏசி தண்ணிம்மா."

"சிவப்பாவா?"

காது கேளாதவர் போல ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பினார். வயிற்றுவலிக்காரன் மாதிரி வண்டி முனகியது.

மெக்கானிக் பானட்டைத் திறந்து ஸ்டீயரிங் ஆயில் டப்பாவைப் பார்த்தார். அடிக்கோட்டுக்கும் கீழே இருந்தது. குழாய்களையெல்லாம் ஒரு சொட்டு ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, "ஸ்டார்ட் பண்ணி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்க சார்" என்று டார்ச்சோடு அடியில் படுத்தார். சக்கரம் நேராக இருந்தவரை ஒன்றுமில்லை. முழுக்கத் திருப்பியதும், ரப்பர் குழாய் இரும்புக் குழாயோடு சேரும் இடத்தில் சிவப்பு ஆயில் முத்து முத்தாக எழும்பி வழிந்தது.

"பவர் ஸ்டீயரிங் பைப் போச்சு சார். முழுசா திருப்பும்போது அழுத்தம் ஏறும், அப்பத்தான் கக்குது. என்னைக்காவது ஒரு திருப்பத்துல மொத்தமா பிச்சுக்கும். ஆயில் போச்சுன்னா ஸ்டீயரிங் கல்லு. புதுசு மாத்திடலாம்."

"விக்கப்போற வண்டிக்குப் புது பைப்பா? பொணத்துக்கு எதுக்குப்பா பவுடரு?"

"அப்ப வாங்கறவங்ககிட்ட சொல்லிடுங்க."

"அத நான் பாத்துக்கறேன். நீ ஆயில ஊத்தி, நல்லா கழுவி விடு."

விற்பதற்கு முன்னால் இஞ்சினைக் கழுவுவது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம். கழுவின இஞ்சினில் எங்கே ஒழுகியது என்று எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது. மெக்கானிக் தண்ணீர் பீய்ச்சினார், கறுப்புப் பாலிஷும் அடித்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி தனக்கென்ன என்று கையைக் கழுவிக்கொண்டார்.

வாங்க வந்தவள் அதே தெருவின் கடைசி வீட்டுத் தையல்காரி. பள்ளிச் சீருடை தைத்து, மூட்டை மூட்டையாகப் பஸ்ஸில் கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடுகிறவள். அவள் புருஷன் தொழிற்சாலையில் காவலாளி. கூடவே மாமியாரும் வந்திருந்தார். எதற்கும் வாய் மூடாத மனுஷி.

"அண்ணே, வண்டியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் தையல்காரி. "தோள்ல ஆபரேஷன் ஆனதுலேர்ந்து வலது கைக்கு இழுவை இல்ல. கத்தரி பிடிக்கும், பாரம் தாங்காது. ஸ்டீயரிங் லேசா சுத்துமா? அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும்."

"பூ மாதிரி சுத்தும்மா. நீ என் கூடப்பிறந்தவ மாதிரி. உன்கிட்ட பொய் சொல்லுவேனா?"

வாசற்படியில் அவர் மனைவி நின்றிருந்தார். சிவப்புத் திட்டைத் துடைக்கத் தன் பழைய நைட்டியைக் கிழித்துக் கொடுத்தவர் அவர்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சார் ஒரு பார்வை பார்த்தார். திறந்த வாய் கொட்டாவி விட்டு மூடிக்கொண்டது.

வண்டி கைமாறிய பிறகு தையல்காரி நடந்து யாரும் பார்க்கவில்லை. மூட்டைகள் பின்சீட்டில், மாமியார் முன்சீட்டில். "ஏண்டி, இவ்வளவு வேகமாப் போனா என்னை யாரு பாக்குறது? மெதுவாப் போ" என்று மாமியார் அதட்டுவது தெருக்கோடிவரை கேட்கும். எங்களுக்கெல்லாம் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான், இல்லையென்று சொன்னால் பொய்.

மாமியாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போன நாளில்தான் அது நடந்தது. மேம்பாலத்திலிருந்து இறங்குகிற வளைவில் திருப்பினாள். பாதித் திருப்பத்தில் ஸ்டீயரிங் இறுகிவிட்டது. பலமில்லாத கையையும் சேர்த்து இழுத்தாள். பிரேக்கை மிதிப்பதற்குள் வண்டி நேராகப் போய்ச் சுவரில் மோதியது. மாமியார் உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

ஆம்புலன்ஸ் திரும்புவதற்குள் தெரு தீர்ப்புச் சொல்லிவிட்டது. "கை விளங்காதவளுக்குக் காரு எதுக்கு?" என்றது ஒரு வாய். "வேணும்னே இடிச்சாளோ என்னமோ, மாமியார் மருமக சமாச்சாரம்" என்றது இன்னொரு வாய். ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது என்று அவள் சொன்னதற்கு, "பதட்டத்துல அப்படித்தான் தோணும்" என்றார்கள். எல்லோரையும்விட உரக்கப் பேசியது பளபளா சார். "நல்ல வண்டிங்க. ஓட்டத் தெரியணும்."

அவள் புருஷனும் அதை நம்பினான். ஆஸ்பத்திரிக்கு வருவான், அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காருவான். பெற்றவளைப் பறிகொடுத்தவன் உள்ளே வந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பார்க்கப் போகாவிட்டால் தெரு என்ன சொல்லும் என்று பளபளா சாரும் ஒரு பை பழத்தோடு போனார். தோளிலிருந்து விரல்வரை கட்டோடு படுத்திருந்தவள், அவரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"மன்னிச்சிடுங்கண்ணே. கண்ணு மாதிரி வச்சிருந்த வண்டிய இப்படிப் பண்ணிட்டேன்."

"அதெல்லாம் எதுக்கும்மா இப்ப..."

"போலீஸ் வந்து கேட்டாங்க. ஸ்டீயரிங் கல்லாயிடுச்சுன்னு எனக்குத்தான் தோணியிருக்கு போல. வண்டி நல்ல வண்டி, என் கைதான் சரியில்லன்னு சொல்லிட்டேன். அத்தைய நான்தான் கொன்னுட்டேன். அவரு என்கூடப் பேசவே மாட்டேங்கறாருண்ணே."

அந்த நிமிஷத்தில் பளபளா சார் தப்பித்துவிட்டார். கேட்க நாதியில்லை, தெரிந்தவர்கள் யாரும் வாய் திறக்கப்போவதில்லை. பழத்தை வைத்துவிட்டு எழுந்து வந்திருந்தால் ஆயுசுக்கும் நல்ல மனுஷன்தான். எழுந்தும் விட்டார். ஆனால் அவளுடைய கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

"உன் கை இல்லம்மா" என்றார். "பைப் ஒழுகுச்சு. எனக்குத் தெரியும். கழுவிட்டுக் குடுத்தேன்."

அவள் அவரையே பார்த்தாள். அறை வாசலில் புருஷன் கேட்டுக்கொண்டு நின்றிருந்தான். உள்ளே வந்தான். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அடித்துவிடுவானோ என்று சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"இத ஸ்டேஷன்ல வந்து சொல்லுவீங்களா?" அடி விழவில்லை, குரல்தான் வந்தது.

"சொல்றேம்பா. என்ன ஆனாலும் சொல்றேன்."

அவன் மனைவியின் பக்கம் திரும்பினான். அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தான். அவள் அழவில்லை. மேலே பார்த்தபடியே சொன்னாள்:

"ஒழுகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் நான் வாங்கியிருப்பேண்ணே. பைப்ப மாத்திட்டு ஓட்டியிருப்பேன். பழசுன்னா குறை இருக்கும்னு எனக்குத் தெரியாதா? குறை இருக்கற பொருள தாராளமா வில்லுங்க, யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க. ஆனா குறைய மறைச்சு வித்தீங்கன்னா, அத வாங்கறவன் உயிரையும் சேத்துத்தான் விக்கறீங்க."