வண்டி திரும்பும் அகலம்

"இனிமே வண்டி ஓட்டலாம்" என்று டாக்டர் சொன்னதும், அவள் முகத்தில் சிரிப்பு வந்து சேர்வதற்குள், பக்கத்து நாற்காலியில் இருந்த அவளுடைய கணவன், "கொஞ்ச நாள் போகட்டும் டாக்டர்" என்றான். டாக்டர் அவனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிறகு ஏதோ சந்தேகம் வந்தவர் போல ஸ்கேன் படத்தை இன்னொரு முறை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "நான் ஓட்டலாம்னுதான் சொன்னேன். ஓட்டியே ஆகணும்னு சொல்லலையே" என்று படத்தை உறைக்குள் போட்டு, இரண்டு பேருக்கும் நடுவில் மேஜைமேல் வைத்தார்.

கீழே வண்டிகள் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் அவன் வழக்கம்போல ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தான். அவள் வழக்கம்போல வலது கையை அவன் தோளில் ஊன்றிப் பின்னால் ஏறினாள். இந்த வழக்கம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்பதுபோல இருவர் உடம்பும் அதனதன் இடத்தில் போய் அமர்ந்துகொண்டன. வெளியே சாலைக்கு வந்த பிறகுதான், இன்றைக்காவது சாவியைக் கேட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

வண்டி அவளுடையது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. தையல் மெஷின் பழுதுபார்ப்பது அவள் தொழில். கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை பாதி, தையல்கடைகளுக்கும் சின்னச் சின்ன ஆயத்த ஆடைக் கூடங்களுக்கும் நேரில் போய்ப் பார்க்கிற வேலை பாதி. அந்த வெளிவேலைக்காக வாங்கிய மோட்டார் சைக்கிள். பின் இருக்கையில் ஸ்பேனர் பையைக் கட்டிக்கொண்டு நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அவள் போகாத நாள் கிடையாது. கல்யாணமான புதிதில் அவன் அந்த வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எனக்கு முன்னாடியே வந்தவர். அதனால இவர்தான் மூத்தவர்" என்றான். அன்றிலிருந்து வண்டிக்கு அதுவே பெயர். "மூத்தவருக்கு ஆயில் மாத்தியாச்சா?" "மூத்தவர் ஏன் இன்னைக்கு இருமுறார்?" என்று மரியாதையோடு விசாரிப்பானே தவிர, மூத்தவர்மீது ஏறி உட்கார ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. லைசென்ஸ் மட்டும் வாலிபத்தில் யாரோ வற்புறுத்தியதால் எடுத்து வைத்திருந்தான்.

அவளுக்கு வண்டி பிடிக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். அது முழு உண்மை இல்லை. ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவில் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்குப் பிடித்திருந்தது. கடைக்குள் நுழைந்தால் "அக்கா, நூல் அறுந்துக்கிட்டே இருக்கு" என்று ஆளாளுக்குச் சூழ்ந்துகொள்வார்கள். வீட்டுக்கு வந்தால் வீட்டில் உள்ளவை சூழ்ந்துகொள்ளும். நடுவிலே சாலையில் அவள் யாருக்கும் எதுவும் இல்லை. ஹெல்மெட்டுக்குள் சத்தமாகப் பேசிக்கொண்டு போவாள். அன்று வாய்வரை வந்து விழுங்கிய பதில்களையெல்லாம் அங்கே சொல்லித் தீர்ப்பாள். சிலசமயம் எதுவும் பேசாமல், எஞ்சின் தொடையில் அதிர்வதை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்பது என்பது சரியான சொல்தானா தெரியவில்லை. உடம்பால் கேட்பது.

அப்படிப்பட்டவள் விழுந்தது வண்டியிலிருந்து இல்லை. பரணிலிருந்து பெட்டி இறக்க ஏறிய ஸ்டூலிலிருந்து. இடது தோளில் தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சை செய்து தைத்தார்கள். பார்க்க வந்த கடை முதலாளியம்மா, "ஊர் பூரா வண்டியில சுத்துனவ, வீட்டு ஸ்டூல்ல இருந்தா விழுந்த? வெளியில சொல்லாதடி, நம்ம கடை மானம் போகும்" என்று சிரிக்க வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். கட்டு அவிழ்த்த பிறகு கடைக்குள்ளேயே உட்கார்ந்து பார்க்கும் வேலையை அவளுக்குக் கொடுத்தாள். பஸ் கூட்டத்தில் தோளை இடித்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் அவன் சாவியைக் கையில் எடுத்தான்.

அவனுக்கு வண்டி பழக்கியது அவளே, பின்னால் உட்கார்ந்துகொண்டு. கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவனுக்கு. மயிரிழை வித்தியாசத்தை விரலால் தடவிச் சொல்கிறவனுக்கு எஞ்சின் சத்தத்தில் மட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. "எல்லாம் ஒரே உறுமலாத்தான் கேக்குது. எப்ப கியர் மாத்தணும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று நடுச்சாலையில் திணறினான். அதனால் அவள் முதுகில் தட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு தட்டு என்றால் மேலே, இரண்டு தட்டு என்றால் கீழே. காது அவளுடையது, கைகால் அவனுடையது. சில வாரங்களில் வண்டி அழகாக ஓடியது. ஒருநாள் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது மருந்து வாங்கிவர அவன் தனியாகக் கிளம்பினான். தெருக்கோடியிலிருந்தே மூத்தவரின் அலறல் கேட்டு விழித்தாள். போகவும் வரவும் முழுத்தூரத்தையும் முதல் கியரிலேயே ஓட்டியிருந்தான். எஞ்சினிலிருந்து சூடு ஆளைத் தள்ளியது. "என்னங்க இது?" என்று அவள் பதறியதற்கு, "நீ தட்டலையே" என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்று இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்தது. அவன் பேச ஆரம்பித்தான். வீட்டில் ஒரு கேள்விக்கு ஒரு சொல் என்று அளந்து பேசுகிறவன், முன்னால் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டும்போது தலையை லேசாகச் சாய்த்துப் பின்னால் பேசிக்கொண்டே வந்தான். கடையில் கண் பரிசோதனைக்கு வந்தவர் அடித்த கூத்து, சின்ன வயதில் அப்பாவிடம் வாங்கிய அடி, அம்மா இறந்த அன்று தனக்கு அழுகை வராததும் அதை யாராவது கவனித்திருப்பார்களோ என்று இன்றுவரை பயப்படுவதும். கடைசியாகச் சொன்னதைக் கேட்டபோது அவள் தட்ட மறந்தாள். வண்டி திணறி நின்றே போயிற்று. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் தெரியாத ஒரு மனிதன் முதுகைக் காட்டிக்கொண்டு தன்னிடம் வந்து சேருகிறான் என்று நினைத்தாள். அது சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷமாக இருந்ததுதான் சிக்கல்.

ஏனென்றால் அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவனுடைய தோளுக்கு மேலாகத் தெரியும் சாலையை அவள் பசித்தவளைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது பாதம் பின்னாலுள்ள கால்தாங்கியில் இல்லாத கியரை மிதித்தது. இடது கை, தைத்த தோளோடு சேர்ந்து, இல்லாத கிளட்சைப் பிடித்தது. தன் பக்கத்தில் தனியாகப் போகிற எந்த வண்டியைப் பார்த்தாலும், யார் ஓட்டினாலும், அது கண்ணைவிட்டு மறையும்வரை பார்த்தாள். முதலாளியம்மாவிடம் ஒருநாள் வாய்தவறி, "எனக்கு வெளிவேலைக்குப் போகணும்போல இருக்கு" என்றாள். "போடி, மகாராணி மாதிரி கொண்டுவந்து இறக்கிவிடுறாரு மனுஷன். எங்க வீட்டுல இருக்கிறவரு நான் எந்த பஸ்ல போறேன்னுகூடக் கேட்டதில்லை" என்று முதலாளியம்மா அவள் வாயை அடைத்துவிட்டாள். நியாயம்தான். குறை சொல்ல எதுவும் இல்லாத இடத்தில் நின்றுகொண்டு எப்படிக் கேட்பது?

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாலை அவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். அவளால் இடது கையைத் தூக்க முடியாமல் போனதிலிருந்து அது அவன் வேலை. அவள் துடைத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை நான் எடுக்கட்டுமா?"

"எதை?"

"மூத்தவரை."

அவன் ஒரு தட்டைத் தேவைக்கு அதிகமாகத் தேய்த்தான். "எடு. நான் பின்னால உக்காந்துக்கிறேன். நீ சொல்லிக்குடுத்த மாதிரி நானும் தட்டுறேன்."

"இல்லங்க. தனியா."

"ஏன், நான் ஓட்டுறது சரியில்லையா?"

"நல்லாத்தான் ஓட்டுறீங்க."

"கை வலிச்சா என்ன பண்ணுவ? நடுவழியில நின்னா யாரு இருக்கா?"

"யாரும் இல்லாம போகணும்னுதான் தோணுது" என்றாள். சொன்ன பிறகு, இப்படிச் சொல்லியிருக்கக்கூடாதோ என்று பட்டது. ஆனால் வேறு எப்படிச் சொன்னாலும் அது இதுவாகத்தான் இருந்திருக்கும்.

குழாயை மூடிவிட்டு அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "அப்ப நான் யார்கிட்ட பேசுறது?" என்று சிரித்தான்.

"வீட்டுல பேசுங்க. நான் எங்க போயிடப்போறேன்?"

"வீட்டுல நீ என் மூஞ்சியைப் பாக்குறியே."

அவன் சிரித்துக்கொண்டே சொன்னதால் அவளும் சிரித்தாள். இரண்டு சிரிப்பும் ஒன்றுபோல் சீக்கிரம் முடிந்தன.

ஞாயிற்றுக்கிழமை அவள் எழுவதற்கு முன்பே அவன் வண்டியை வெளியே எடுத்துத் துடைத்து நிறுத்தியிருந்தான். டயர் காற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அதில் ஒன்றும் தெரியாது என்பது இருவருக்குமே தெரியும். "பெட்ரோல் பங்க் வரைக்கும் போ. அங்க திரும்பி நேரா வந்துடு. நான் இங்கதான் நிக்கிறேன்" என்றான். அவள் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடிகள் அவன் உயரத்துக்கு வைக்கப்பட்டிருந்ததால் அவளுக்கு வானமும் மொட்டைமாடிச் சுவர்களும்தான் தெரிந்தன. திருகிச் சரிசெய்ததும் கண்ணாடிக்குள் அவன் வந்து நின்றான், கையைக் கட்டிக்கொண்டு.

கிளட்சைப் பிடித்ததும் முழங்கையிலிருந்து தோள்வரை ஒரு நடுக்கம் ஏறியது. முதல் கியர். வண்டி உதறிக்கொண்டு நகர்ந்தது. இரண்டாவது. மூன்றாவது போட்டபோது நடுக்கம் எஞ்சினுடையதா கையினுடையதா என்று பிரிக்க முடியவில்லை. பின்னால் கனமில்லை, முன்னால் முதுகில்லை. காற்று நேராக வந்து நெஞ்சில் விழுந்தது. எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் ஹெல்மெட்டுக்குள் கொட்டித் தீர்க்கப்போகிறோம் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கடைசியில், "மூத்தவரே, சௌக்கியமா?" என்று கேட்டாள். கேட்ட குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. கண் ஏன் நனைகிறது என்று தெரியவில்லை. காற்றாக இருக்கலாம்.

பெட்ரோல் பங்க் எதிரே, நடுத்தடுப்பில் வண்டிகள் திரும்புவதற்கு ஒரு குறுகலான இடைவெளி விட்டிருந்தார்கள். வேகத்தைக் குறைத்து, வலப்பக்கம் ஹேண்டிலை வளைத்தாள். வலப்பக்கம் முழுதாக வளைய வேண்டுமென்றால் இடது கை முன்னால் நீண்டு தள்ளவேண்டும். பாதிவரை நீண்டது. அதற்குமேல், துருப்பிடித்த கீல்போல, தோள் நின்றுகொண்டது. இப்படியே வளைத்தால் எதிர்ப்பக்கத்து நடைபாதையில்தான் போய் ஏறவேண்டும். பின்னால் வந்த கார் ஹாரன் அடித்தது. ஹேண்டிலை நேராக்கி, நேரே போனாள்.

காலை ஊன்றி, இறங்கி, வண்டியைத் தள்ளித் திருப்பியிருக்கலாம். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. பங்கில் நின்றவர்கள் யாரையாவது கூப்பிட்டிருந்தால் ஓடிவந்திருப்பார்கள். தோள்தான் மறுத்ததா, தோளைச் சாக்காக வைத்துக்கொண்டு அவள்தான் மறுத்தாளா என்று பிறகு எத்தனை முறை யோசித்தாலும் அவளால் உறுதியாகச் சொல்ல முடியாது. அடுத்த இடைவெளி வந்தது. அதுவும் குறுகல்தான். அதற்கடுத்ததற்கு அவள் வேகத்தைக் குறைக்கவே இல்லை. கடைகள் குறைந்தன. இரண்டு பக்கமும் கிடங்குகளின் நீளச் சுவர்கள் வந்தன. வாசலில் நிற்கிறவன் இந்நேரம் தெருமுனைவரை நடந்து வந்திருப்பான். கையைக் கட்டுவான், அவிழ்ப்பான். வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பான். எது மூத்தவரின் சத்தம் என்று அவனுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. எல்லா வண்டிக்கும் நிமிர்வான். அதை அவள் நினைத்துப் பார்த்தாள். நினைத்துக்கொண்டே நான்காவது கியரைப் போட்டாள்.

சாலையின் இடப்பக்கம் லாரிகள் நிறுத்தும் பெரிய மைதானம் ஒன்று வந்தது. விடிகாலை மழையில் ஊறிய மண். ஓரமாக மூன்று நான்கு லாரிகள், நடுவில் வெறும் இடம். அவள் உள்ளே திருப்பினாள். இடப்பக்கம் வளைவதில் தோள் ஒன்றும் சொல்லவில்லை. நடுவுக்கு வந்ததும் வலப்பக்கம் லேசாக வளைத்தாள். இடம் தாராளமாக இருந்ததால் வண்டி அகலமான வட்டத்தில் சுற்றி, நுழைந்த வாசலுக்கே முகம் காட்டி நின்றிருக்கும். அவள் நிறுத்தவில்லை. வாசல் எதிரே வந்து, விலகி, பக்கவாட்டில் போயிற்று. இரண்டாவது சுற்றில் கையை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். வலித்தது. தாங்கக்கூடிய வலி. மறுபடி.

லாரி ஒன்றின் படியில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்த டிரைவர், நுரையைத் துப்பிவிட்டு எழுந்து நின்றார். அவள் பக்கத்தில் வரும்வரை காத்திருந்து, "என்னம்மா, வழி தெரியலையா?" என்று உரக்கக் கேட்டார்.

"தெரியும்ணே" என்று கத்திக்கொண்டே அவரைக் கடந்தாள்.

"அப்புறம் ஏன் செக்கு மாடாட்டம் சுத்துற?"

பதில் சொல்வதற்குள் வட்டம் அவளைத் தூரமாகக் கொண்டுபோய்விட்டது. ஈர மண்ணில் டயர் கீறிய கோடு பெரிதாகக் கிடந்தது. அதற்குள்ளே ஒன்று, அதற்கும் உள்ளே ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் வாசல் ஒருமுறை நேராக வந்து, அதற்கப்பால் சாலை இரண்டு பக்கமும் நீண்டு கிடப்பதைக் காட்டிவிட்டு நகர்ந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இடது கையை இன்னொரு விரற்கடை முன்னால் நீட்டினாள். முன்சக்கரம் தயங்கி, வளைந்து, போன கோட்டுக்கு உள்ளே புதுக் கோடு ஒன்றைத் தொடங்கியது.